எண்பதில் உதறும் சிவப்பு வண்டி

அக்டோபர் 14, திங்கள்

சிவப்பு வண்டி திரும்பி வந்துவிட்டது. போன வெள்ளிக்கிழமை ஆயுத பூஜையன்று மாலை போட்டு, எலுமிச்சம்பழம் ஏற்றி நசுக்கி, கல்யாணப் பெண் மாதிரி அனுப்பி வைத்தேன். மூன்றே நாளில் மூஞ்சியைத் தூக்கிக்கொண்டு வந்து நிற்கிறது. வண்டியை விட மோசமான மூஞ்சியுடன் அதன் சொந்தக்காரி இறங்கினார்.

டாக்டர் அமிர்தகௌரி. வயது அறுபத்து நாலு. ஆபரேஷனுக்கு மயக்க மருந்து கொடுத்தே ரிட்டையர் ஆனவர். வீட்டுக்காரர் போனபிறகு காசி, ராமேஸ்வரம் என்று போகாமல், ரெண்டே ரெண்டு சீட்டு வைத்த பந்தய வண்டி ஒன்றை வாங்கிவிட்டார். தரையோடு தரையாக இருக்கும். ஏறுவது என்றால் கிணற்றுக்குள் இறங்குகிற மாதிரி. நல்லதங்காளுக்குக்கூட அவ்வளவு கஷ்டம் இருந்திருக்காது.

எண்பதைத் தாண்டினால் ஸ்டியரிங் உதறுகிறதாம். முன்பக்கத்தில் ஊங் என்று ஒரு சத்தமாம். பிரேக் பேடு மாற்றக் கொடுத்தேன், வண்டியையே மாற்றிக் கொடுத்துவிட்டீர்களே என்று ஷெட்டு முழுக்கக் கேட்கும்படி சொன்னார். கடைசியில் என் பக்கம் திரும்பி, "முப்பது வருஷமா ஊரைத் தூங்க வெச்சவ நானு. உங்க வேலையில நான் தூக்கமில்லாமக் கெடக்கறேன்" என்றார்.

அவர் கதவைச் சாத்துவதற்குள் எனக்குத் தெரிந்துவிட்டது. முன் இடது சக்கரத்தில் பேரிங் போச்சு. காதாலேயே சொன்னேன். 1989-ல் உக்கடத்தில் டீ குடித்துக்கொண்டே, ரோட்டில் போன திருச்சி பஸ்ஸுக்குப் பின் பேரிங் காலி என்று சொன்னவன் நான். பஸ் சூலூர் தாண்டி நின்றது. டிரைவர் என்னைத் தேடி வந்து காலில் விழுந்தான். கண்டக்டரும் விழுந்தான்.

இதை நான் டாக்டரம்மாவிடம் சொல்லிக்கொண்டிருக்கும்போது, சூலூரில் நின்ற டிரைவருக்கு உக்கடத்தில் டீ குடித்தவர் சொன்னது எப்படித் தெரியும் என்று ஜெபமணி கேட்டான். இவன்தான் எங்கள் ஃபோர்மேன். திருநெல்வேலிக்காரன், டிப்ளமோ. வந்து ஏழு மாசம் ஆகிறது. என் அக்கா மகள் தாரணி கொண்டுவந்து வைத்தாள். ஷெட்டு அவளுடையது. அவள் அப்பா, என் மச்சான், ஆரம்பித்தது. மச்சானுக்கு வலது கையாக முப்பத்தோரு வருஷம் இருந்தவன் நான். இடது கையும் நான்தான். மச்சான் கல்லாவில் உட்கார்ந்திருந்தார், அவ்வளவுதான்.

"வண்டிய ஓட்டிப் பாக்காம என்னத்த சொல்லுதிய அண்ணாச்சி?" என்றான் ஜெபமணி.

டாக்டர்கள் கையைப் பிடித்துப் பார்த்தே சொல்வதில்லையா என்றேன். இல்லை, நாங்கள் ஸ்கேன் எடுப்போம் என்றார் அந்த அம்மாள். ரெண்டு பேரும் ஒரே கட்சி.

அக்டோபர் 15, செவ்வாய்

பைபாஸில் ஓட்டிப் பார்த்தோம். ஜெபமணி ஓட்டினான். எனக்கு முழங்கால் மோவாயில் இடித்தது. நூற்று அறுபதில் போனோம். (தொண்ணூற்றைந்து என்று அவன் ரிஜிஸ்டரில் எழுதியிருக்கிறான். கண் சரியில்லை.)

எழுபது வரைக்கும் தங்கம். எண்பதில் ஸ்டியரிங் சக்கரம் அவன் கையில் காய்ச்சல்காரன் மாதிரி உதறியது. உதறல் கையில் தெரிந்தால் கோளாறு முன்பக்கம், உட்காருகிற இடத்தில் தெரிந்தால் பின்பக்கம் என்று எனக்கே பாடம் எடுத்தான். அவன் பால்பல் முளைக்கும் முன்பே எனக்குத் தெரிந்த விஷயம். பிறகு காலி ரோட்டில் வண்டியைப் பாம்பு மாதிரி வளைத்து வளைத்து ஓட்டினான். பேரிங் கோளாறு என்றால் ஒரு பக்கம் சாயும்போது சத்தம் ஏறும், மறுபக்கம் சாயும்போது இறங்கும், இது ரெண்டிலும் ஒரே மாதிரி இருக்கிறது, அதனால் பேரிங் இல்லை என்றான்.

பேரிங் ரொம்பப் போய்விட்டால் எந்தப் பக்கமும் ஒரே மாதிரிதான் கத்தும் என்றேன். அந்த நிமிஷத்தில் தோன்றியது. ஆனாலும் நன்றாக இருந்தது.

திரும்பி வந்ததும் தாரணி யார் சொல்வதைக் கேட்பது என்று ரெண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். அவள் சின்னக் குழந்தையாக இருந்தபோது என் மடியில் உட்கார்ந்துதான் ஸ்டியரிங் பிடித்தாள் என்று ஞாபகப்படுத்தினேன். சரி, பேரிங் வாங்குங்க என்றாள். ஜெபமணி கையைத் துடைத்துக்கொண்டு அக்கட்டால போய்விட்டான்.

அக்டோபர் 16, புதன்

பேரிங் மாற்றியாச்சு. ஜெபமணியைப் பத்தடிக்குள் விடவில்லை. மாட்டுவதற்கு முன் செய்ய வேண்டிய முறையை ரெண்டு பக்கமும் மறுபடி செய்து, மனசார வேண்டிக்கொண்டு மாட்டினேன். வேலை கோயில் மாதிரி இருக்கிறது.

அக்டோபர் 17, வியாழன்

இப்போது எழுபதிலேயே உதறுகிறது.

ரோடு சரியில்லை என்றேன். அதே ரோடுதான் என்றான் ஜெபமணி. நான் கழற்றிப் போட்ட பழைய பேரிங்கைக் குப்பையிலிருந்து பொறுக்கி, துடைத்து, தாரணி மேஜையில் வைத்து விரலால் சுற்றிக் காட்டினான். வெண்ணெய் மாதிரி சுற்றியது. செத்துப்போனவனை எழுப்பிச் சாட்சி சொல்ல வைப்பதற்கு இவனுக்கு எவ்வளவு கொழுப்பு இருக்க வேண்டும்.

டாக்டரம்மா போன் செய்தார். ஞாயிற்றுக்கிழமை கோத்தகிரிக்கு வண்டி எடுத்துப் போகிறாராம். மலையில் எத்தனை வளைவு என்று உங்கள் மாமாவுக்குத் தெரியுமா, நோய் தெரியாமல் நல்ல உறுப்பை அறுத்து எடுக்கிறவர் மேல் எங்கள் தொழிலில் கேஸ் போடுவார்கள் என்றார். தாரணி போனை ஸ்பீக்கரில் போட்டிருந்தாள். தெரிந்தேதான் போட்டிருந்தாள்.

அப்புறம் கதவைச் சாத்திவிட்டு ரெண்டு பேரையும் நிற்க வைத்துப் பேசினாள். ஷெட்டில் ரெண்டு தலை இனிமேல் நடக்காது. சனிக்கிழமைக்குள் இந்த வண்டி சரியாக வேண்டும். யார் சொன்னது சரியோ அவர் சொல்தான் இனி இங்கே சொல். தப்பானவர் ஜெபமணி என்றால் கணக்கு முடித்துக்கொண்டு ஊருக்குப் போகலாம்.

"மாமா, நீங்கன்னா ஸ்பேனரைக் கீழ வெச்சுருங். வாசல் கேட்டு ஓரமா சேர் போட்டுத் தர்றேன். வர்றவங்களுக்கு வணக்கம் சொல்லிட்டு உக்காந்திருங்க."

இதை அவள் விளையாட்டாகச் சொன்னாள். நான் சிரித்தேன். அவள் சிரிக்காதது தலைவலியால்.

வாசலில் சேர். மச்சான் செத்த அன்றைக்குக்கூட நான் உட்காரவில்லை. மூன்று வண்டி டெலிவரி இருந்தது, முடித்துவிட்டுத்தான் சுடுகாட்டுக்குப் போனேன்.

அக்டோபர் 18, வெள்ளி

ஜெபமணி முறை. முன் சக்கரம் ரெண்டையும் பேலன்ஸ் மிஷினில் போட்டுப் பார்க்க வேண்டும் என்றான். கழற்றுவதும் மாட்டுவதும் என் கை, இந்த வண்டி வேலை என் பேரில் இருக்கிறது, நீ மிஷின்கிட்டயே நில் என்று சொல்லிவிட்டேன். நானே கழற்றினேன், நானே உருட்டிக்கொண்டு போனேன்.

மிஷினில் சக்கரம் ரெண்டும் பம்பரம் மாதிரி நின்று சுற்றின. சைபர், சைபர் என்று காட்டியது. டயரில் வீக்கமில்லை, ரிம்மில் நெளிவில்லை. தோற்றாயா என்று கேட்டேன். அவன் சக்கரத்தை மிஷினில் இன்னொரு தடவை சுற்றிவிட்டுப் பார்த்தான். அப்புறம் மெதுவாகச் சொன்னான்.

"சக்கரம் சரியா இருக்கு. பேரிங்கு புதுசு. அப்ப ரெண்டுக்கும் நடுவுல என்னமோ கெடக்கு அண்ணாச்சி."

நடுவில் என்ன இருக்கும், காற்றுத்தான் இருக்கும் என்றேன். நாளைக்குக் காலையில் டயல் கேஜ் வைத்துப் பார்க்கிறேன் என்றான். அது கடிகாரம் மாதிரி ஒரு கருவி. இரும்பில் முட்டுக்கொடுத்து வைத்தால், சக்கரத்துக்குப் பின்னால் இருக்கிற பிரேக் தட்டு சுற்றும்போது ஒரு மயிரிழை ஆடினாலும் முள் காட்டிக் கொடுத்துவிடும். காட்டிக் கொடுப்பதற்கென்றே ஒரு கருவி. அவனுக்குப் பொருத்தம்தான்.

நாலு மணிக்கு எல்லோரும் டீக்குப் போனார்கள். எனக்கு டீ வேண்டியிருக்கவில்லை. சும்மா இருக்கிறோமே என்று இடது சக்கரத்தைக் கழற்றி ஒரு பார்வை பார்த்தேன். பிரேக் தட்டின் முகத்தில், சக்கரம் வந்து ஒட்டி உட்காருகிற இடத்தில், கொஞ்சம் தூசி இருந்தது. துடைத்தேன். கொஞ்சம் காய்ந்து பிடித்திருந்ததால் பிளேடால் சுரண்ட வேண்டி வந்தது. தூசிதான். சக்கரத்தைத் திருப்பி மாட்டிவிட்டு வலது பக்கத்துக்கு ஜாக்கியை நகர்த்தினேன், அதற்குள் ஜெபமணி செருப்புச் சத்தம் கேட்டது. இன்றைக்குப் பார்த்து இவனுக்கு டீ சீக்கிரம் முடிந்துவிட்டது.

அக்டோபர் 19, சனி

டாக்டரம்மா பத்து மணிக்கு வந்தார். அவரே ஓட்டிப் பார்த்துவிட்டு வந்து, பாதி குறைந்திருக்கிறது என்றார். நான் ஷெட்டு நடுவில் நின்று, புது பேரிங் என்றால் புது மருமகள் மாதிரி, வீட்டோடு ஒட்ட ரெண்டு நாள் ஆகும், இன்னும் ரெண்டு நாளில் மீதியும் போய்விடும் என்று விளக்கினேன். தாரணியின் முகம் கொஞ்சம் இளகினது மாதிரிகூட இருந்தது.

ஜெபமணி ஒருத்தரையும் கேட்கவில்லை. வலது பக்கம் ஜாக்கி போட்டான். சக்கரத்தைக் கழற்றி ஓரமாகச் சாய்த்து வைத்தான். டயல் கேஜ் பெட்டியைத் திறக்கவே இல்லை. தேவைப்படவில்லை.

தட்டின் முகத்தில் மஞ்சளாக மூன்று பட்டை. நடுவில் குங்குமம். ஒரு பட்டை கனமாக அப்படியே காய்ந்திருந்தது, மற்றது நசுங்கிப் பொடிந்து பொரிமாவு மாதிரி கொட்டியது. அவன் நகத்தால் சுரண்டி முகர்ந்து பார்த்தான்.

"இது சந்தனம்லா."

நான் விளக்கம் சொன்னேன். போன வருஷம் பூஜைக்கு வெளியே பொட்டு வைத்ததில் யாரோ ஒரு கஸ்டமருக்குப் பெயிண்டில் கறை பிடித்துவிட்டது என்று தாரணி ஒரே ஆட்டம் ஆடினாள். இந்த வருஷம் வண்டியின் வெளிப்பக்கம் சந்தனம், குங்குமம் ஒரு சொட்டு படக்கூடாது என்று உத்தரவு. பூஜையும் நடக்க வேண்டும், உத்தரவும் நிற்க வேண்டும். பெரிய மூளை வேண்டும் இதற்கு. யார் கண்ணிலும் படாமல், சாமி கண்ணில் மட்டும் படுகிற இடமாகப் பார்த்து வைத்தேன். புதன்கிழமை காய்ந்திருந்ததைப் பார்த்து மேலே ஒரு தடவை பூசினேன். இதில் என்ன குற்றம்?

ஜெபமணி என்னைப் பார்க்காமல் தாரணியிடம் சொன்னான். அந்த இடத்தில் ரெண்டு இரும்பும் ஒன்றோடு ஒன்று அப்பிக்கொண்டு உட்கார வேண்டும், நடுவில் ஒரு காகிதம்கூட ஆகாது. ஒரு பக்கம் கனமாக இருந்தால் சக்கரம் சாய்ந்து உட்காரும், அதுதான் உதறலும் சத்தமும். சந்தனம் பொடியப் பொடிய இடைவெளி விழும், நட்டு தன்னால் தளரும். தளர்ந்த நட்டோடு மலையில் இறங்கினால் சக்கரம் முதலில் போகும், வண்டி பின்னால் போகும்.

டாக்டரம்மா தன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "வயித்துக்குள்ள பஞ்சை வெச்சுத் தெச்ச டாக்டரைப் பாத்திருக்கேன். அதுக்குப் பொட்டு வெச்சுத் தெச்சவரை இன்னிக்குத்தான் பாக்கறேன்" என்றார். யாரும் சிரிக்கவில்லை. நான் மட்டும் ஒரு மரியாதைக்குச் சிரித்தேன்.

தாரணி இடது பக்கம் போய் உட்கார்ந்து, அந்தச் சக்கரத்தையும் கழற்றச் சொன்னாள். அங்கே பளபளவென்று இருந்தது. பிளேடு கீறல் புதுசாக மின்னியது. ரொம்ப நேரம் விரலால் தடவிக்கொண்டே இருந்தாள்.

"பொட்டு வெச்சதுக்கு நான் ஒண்ணும் சொல்லமாட்டனுங் மாமா. தெரியாம செஞ்சது. நேத்து ஒரு பக்கத்தைத் துடைச்சுப்போட்டு, மறுபக்கத்தை அப்படியே விட்டு, அந்த அம்மாவை ஓட்ட விட்டீங்க பாருங். அதுக்குத்தான்."

கையை நீட்டினாள். ஸ்பேனரை நானாகத்தான் கொடுத்தேன். அவள் கேட்டதால் கொடுத்தேன் என்று ஜெபமணி வெளியே சொல்லிக்கொண்டு திரிந்தால் அது பொய்.

அதே நாள், சாயங்காலம்

தாரணி போன் செய்தாள். பூஜைக்கு வேறு எத்தனை வண்டிக்கு அப்படி வைத்தீர்கள் என்று கேட்டாள். இன்னும் ரெண்டு என்றேன். சிவப்பு வண்டியைச் சேர்க்காமல்.

அவள் பேசாமலே இருந்தாள். போனில் பேசாமல் இருந்தால் எனக்கு வேர்க்கும். ஐந்து என்றேன். பேர் சொல்லுங்க என்றாள். சொல்லிக்கொண்டே வந்தபோது எட்டு ஆகிவிட்டது. எட்டு பேருக்கும் ஜெபமணி போன் போட்டு, வண்டியை எடுக்க வேண்டாம், நாங்களே வீட்டுக்கு வந்து பார்க்கிறோம் என்று சொல்லியிருக்கிறான். ஏழு பேர் வைதார்களாம். ஒருத்தர் மட்டும் நன்றி சொன்னாராம். அந்த ஒருத்தர் நான் பழக்கியவர்.

தாரணி மறுபடி கூப்பிட்டு இதைச் சொன்னாள். எட்டுதானா, நல்லா யோசிங்க என்றாள். எட்டுதான் என்றேன்.

பேசின பேச்சுக்கு ஒரு 'மாமா' இல்லை. காலையில் எல்லோர் முன்னாலும் கையை நீட்டினவள். என்னை ஒரு வார்த்தை உள்ளே கூப்பிட்டுக் கேட்டிருக்கலாம். எனக்கும் ரோஷம் இருக்கிறது. எல்லாவற்றையும் நானே எடுத்துக் கொடுக்க வேண்டும் என்று சட்டமா?

அக்டோபர் 20, ஞாயிறு

ஒன்பது.

ஒன்பதாவது வண்டி தாரணியுடையது. பூஜைக்கு முந்தின நாள் கழுவ விட்டிருந்தாள். மற்ற வண்டிகளுக்கு முன் சக்கரம் ரெண்டுக்குத்தான் வைத்தேன். அவளுடையதற்கு நாலு சக்கரத்துக்கும் வைத்தேன். கனமாக வைத்தேன். எங்கள் வீட்டுக் குழந்தை ஓட்டுகிற வண்டி.

நேற்று சொல்லாததற்குக் காரணம் மேலே எழுதியிருக்கிறேன். படித்துப் பார்த்தேன். எழுதும்போது பெரிதாகத் தெரிந்தது.

ஏழரை மணிக்கு அக்காவோடு பேசினேன். ஷெட்டில் நடந்ததைப் பற்றி என் பக்கத்து நியாயத்தைச் சொல்லத்தான் கூப்பிட்டேன். மனசு சரியில்லை என்று தாரணி பிள்ளைகள் ரெண்டு பேரையும் கூட்டிக்கொண்டு பழனிக்குப் போயிருக்கிறாள், ஆறு மணிக்கே கிளம்பிவிட்டாள் என்றாள் அக்கா. எந்த வண்டியில் என்று கேட்டேன். என்னடா கேள்வி, அவ வண்டியிலதான் என்றாள்.

தாரணிக்குப் போன் போட்டேன். எடுக்கவில்லை. என் பேரைப் பார்த்துத்தான் எடுக்கவில்லை. நாலு தடவை போட்டேன். ஐந்தாவது தடவை பெரிய பையன் எடுத்தான். அம்மா பேச மாட்டேங்கறாங்க தாத்தா என்றான். வண்டியை ஓரம் கட்டச் சொல்லு என்றேன். எதுக்கு என்றான். ஒன்பதாவது வண்டி உங்களுது, அம்மாகிட்ட அப்படியே சொல்லு என்றேன். அவன் சொல்வது எனக்குக் கேட்டது. இண்டிகேட்டர் சத்தம் கேட்டது. அப்புறம் என்ஜின் நின்றது.

பொள்ளாச்சி தாண்டி கோமங்கலம் பக்கம் என்றான் பையன். தங்கச்சியோடு இறங்கி மரத்தடியில் நில் என்று அவனிடம் சொல்லிவிட்டு ஜெபமணிக்குப் போன் போட்டேன். இந்த நோட்டில் எத்தனையோ பெரிய காரியங்களை எழுதியிருக்கிறேன். அந்தப் போனைப் போட்டதுதான் அவை எல்லாவற்றையும் விடக் கஷ்டமாக இருந்தது. சர்ச்சிலிருந்து நேராக வந்தான். வெள்ளைச் சட்டை, பைக், டேங்க் மேல் டூல் பை. ஏறுங்க என்ற ஒரு வார்த்தைக்கு மேல் கோமங்கலம் வரைக்கும் அவன் பேசவில்லை. நானும் பேசவில்லை. இது நிஜம்.

புளியமரத்தடியில் பிள்ளைகள் உட்கார்ந்திருந்தார்கள். சின்னவள் என்னைப் பார்த்துக் கையாட்டினாள். தாரணி வண்டிக்குப் பக்கத்தில் நின்றிருந்தாள். உடுமலை ரோடு எப்பவும் மோசம், அதனால்தான் உதறுகிறது என்று நினைத்தேன் என்றாள். ஜெபமணியிடம்தான் சொன்னாள்.

நான் பையிலிருந்து வீல் ஸ்பேனரை எடுத்துக்கொண்டு குனிந்தேன்.

"தொடாதீங்க."

ஜெபமணி கை நீட்டினான். அவனிடமும் கொடுக்க வேண்டாம் என்றாள். புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு முன் இடது சக்கரத்துக்குப் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்தாள். லாரிகள் போய்க்கொண்டிருந்தன. ஜெபமணி ரோட்டுப் பக்கம் போய் நின்று வண்டிகளை விலகச் சொல்லிக் கையைக் காட்டினான். எனக்கு வேலை ஒன்றும் இல்லாததால் அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, கழற்றுகிற நட்டுகளை வாங்க உள்ளங்கையை நீட்டினேன்.

முதல் நட்டு கழன்றது. என் கையில் போட்டாள். ரெண்டாவது. மூன்றாவதற்கு ஸ்பேனரை லேசாகத் திருப்பினாலே போதுமாக இருந்தது. அதையும் போட்டாள்.

நாலாவது நட்டுக்கு ஸ்பேனரை வைக்கப் போனவள் நிறுத்தினாள். ஸ்பேனரைக் கீழே வைத்தாள். ரெண்டு விரலால் பிடித்துச் சுற்றினாள். சுற்றச் சுற்ற வந்தது. பாட்டில் மூடி மாதிரி, சத்தமே இல்லாமல் வந்தது.

நான் கையை நீட்டிக்கொண்டே இருந்தேன். அவள் அதை என் கையில் போடவில்லை. மரத்தடியில் இருந்த பிள்ளைகளைப் பார்த்தாள், விரல்களை மூடிக்கொண்டாள்.